மின் நிலையத்துக்கே கரண்ட் போனால்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஈஈஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) இறுதியாண்டு படிக்கும் ஒருவருக்குக் கிண்டியில் ஒரு டிசைன் அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. 800 மெகாவாட் அனல் யூனிட்களுக்கும் அணுமின் நிலையங்களுக்கும் ‘ஆக்ஸிலரி எலக்ட்ரிக்கல்’, அதாவது நிலையம் தன் சொந்தக் கருவிகளை ஓட்ட வேண்டிய மின் அமைப்பை, வரைகிற குழு. ‘அது கேபிள் ஷெட்யூல் (எந்த கேபிள் எங்கிருந்து எங்கே, எந்த வழியாகப் போகிறது என்கிற பட்டியல்) போடுகிற வேலை, கணக்கையெல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்’ என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். போகலாமா, அனலுக்கும் அணுவுக்கும் இதில் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறார். வேலையைப் பற்றிக் கேட்டாலும் அவர் மனதில் இருப்பது இன்னொரு கேள்வி என்று படுகிறது: கரண்ட் தயாரிக்கிற இடத்தில், அந்த இடத்துக்கு வேண்டிய கரண்ட்டைப் பற்றித் தனியாக யோசிக்க என்ன இருக்கிறது?

நான் இந்த வேலையை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் செய்தவன். பெரும்பகுதி அனல் நிலையம். அணுமின் நிலையத்தில் டர்பைன் பக்கமும், டீசல் ஜெனரேட்டர், பேட்டரி பக்கமும் வேலை செய்திருக்கிறேன். ரியாக்டர் பாதுகாப்பு லாஜிக்கில் நான் கை வைத்ததில்லை. அந்தப் பக்கம் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தும், பக்கத்து மேஜைக்காரர்களை நச்சரித்தும் தெரிந்துகொண்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மின் நிலையம் உண்டாக்குகிற கரண்ட்டின் முதல் வாடிக்கையாளர் அந்த நிலையமேதான். 210 மெகாவாட் நிலக்கரி யூனிட் ஒன்று தன் உற்பத்தியில் எட்டு, ஒன்பது சதவீதத்தைத் தானே தின்றுவிடும். அதாவது 18 மெகாவாட் போல. பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப், காற்றை உள்ளே தள்ளும் விசிறி, புகையை வெளியே இழுக்கும் விசிறி, கரி அரைக்கிற மில், நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டென்சருக்குக் கடல்நீர் தரும் பம்ப் எல்லாமே பெரிய மோட்டார்கள். பெரிய யூனிட்களில் ஃபீட் பம்பை நீராவி டர்பைனே ஓட்டுவதால் இந்தக் கணக்கு ஐந்து, ஆறு சதவீதத்துக்கு இறங்கும். அப்புறம் கந்தகம் பிடிக்கிற கருவியைச் சேர்த்தால் கொஞ்சம் ஏறும். இதில் ஒரு மோட்டார் நின்றால் யூனிட் தள்ளாடும். எல்லாம் நின்றால் யூனிட் செத்துவிடும், வெளியிலிருந்து கரண்ட் வராமல் மறுபடி எழுந்திருக்காது. அதனால்தான் எல்லா நிலையத்திலும் இரண்டு வாசல் வைப்பார்கள். ஜெனரேட்டரிலிருந்தே எடுக்கிற யூனிட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, வெளி கிரிடிலிருந்து எடுக்கிற ஸ்டேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று.

‘சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்’ என்பதை இங்கேயே எடுத்துக்கொள்வோம். 800 மெகாவாட் யூனிட் ஒன்றில் 50 எம்விஏ (டிரான்ஸ்ஃபார்மரின் திறனை அளக்கும் அலகு) யூனிட் டிரான்ஸ்ஃபார்மர், அதிலிருந்து மோட்டார்களுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் 11 கேவி போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில், நீராவி கிடைக்காதபோது ஓட வைத்திருக்கிற 11 மெகாவாட் ஃபீட் பம்ப் மோட்டார் ஒன்றை நேரடியாகக் கிளப்ப வேண்டும். ஓடும்போது 12.6 எம்விஏ போல எடுக்கிற மோட்டார், கிளம்பும்போது அதன் ஆறு மடங்கை, கிட்டத்தட்ட 75 எம்விஏவைக் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸ், அதாவது கரண்ட்டுக்கு அது காட்டும் தடை, 15 சதவீதம் என்றால் போர்டில் வோல்ட்டேஜ் 82 சதவீதத்துக்கு விழும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மற்ற மோட்டார்களின் சுமையையும் சேர்த்தால் 78. மோட்டார் முனையில் 80 சதவீதமாவது வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. முறுக்குவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தில் குறைவதால், 78 சதவீதத்தில் கிடைப்பது அறுபது சதவீத விசைதான். பம்ப் முக்கி முனகிக்கொண்டு நிற்கும், அல்லது சூடாகி டிரிப் ஆகும், அதாவது பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்.

சரி, இம்பீடன்ஸை 7 சதவீதமாகக் குறைத்தால்? மோட்டார் ஜம்மென்று கிளம்பும். ஆனால் அந்த போர்டில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டும் 37 கிலோ ஆம்பியர் பாயும். அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார்களும் ஜெனரேட்டர்போல் நடந்துகொண்டு ஒரு எட்டு கிலோ ஆம்பியரைச் சேர்க்கும். அதை அறுக்க வேண்டிய 40 கிலோ ஆம்பியர் பிரேக்கர் தாங்காது. நடுவில் 10 சதவீதம் வைத்தால் வோல்ட்டேஜ் 84, ஷார்ட் சர்க்யூட் 34. இரண்டும் பிழைக்கும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் செய்பவர் கொஞ்சம் கூடக் குறைய வரலாம் என்று உரிமை வைத்திருப்பார். 9 சதவீதத்தில் வந்தால் 37 கிலோ ஆம்பியர், பிரேக்கருக்கு மூச்சு முட்டும். அடுத்த வருடம் யாராவது ‘இந்த போர்டில் இன்னும் இரண்டு மோட்டார் போடலாமா’ என்று வந்து நிற்பார்கள். இந்தக் கூட்டல் பெருக்கலை சாஃப்ட்வேர் ஒரு நொடியில் செய்யும், உங்களையும் என்னையும்விடச் சரியாகவே செய்யும். அந்த ஃபீட் பம்ப் கிளம்புகிற நேரத்தில் வேறு என்னவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், கிரிட் வோல்ட்டேஜ் எவ்வளவு தாழ்ந்திருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் எந்த டாப்பில் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கிற படியில்) நிற்கும் என்பதை அதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் அது பணிவாகத் தவறான விடையைத் தரும்.

இன்னொரு விஷயம், ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்குத் தாவுவது. இதற்கு ‘பஸ் டிரான்ஸ்ஃபர்’ என்று பெயர். நம் ஊரில் ஓடுகிற பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். யூனிட் டிரிப் ஆனதும் மோட்டார்களுக்கு வருகிற கரண்ட் அறுந்துவிடுகிறது. ஆனால் மோட்டார்கள் சுற்றிக்கொண்டே இருப்பதால் போர்டில் கொஞ்ச நேரம் வோல்ட்டேஜ் உயிரோடு இருக்கும். அதன் அளவு சரிந்துகொண்டே வரும், அதன் ஓட்டமும் கிரிடின் ஓட்டத்திலிருந்து பின்தங்கிக்கொண்டே போகும். பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் தாவினால் பஸ்ஸும் நாமும் ஒரே வேகத்தில் இருப்போம். அதைத் தவறவிட்டு, இரண்டும் நேர் எதிராகத் திரும்பியிருக்கும் கணத்தில் பிரேக்கரை மூடினால் மோட்டார் ஷாஃப்ட்டும் கப்ளிங்கும் அடி வாங்கும். அதற்கு மிச்ச வோல்ட்டேஜ் கால்வாசிக்குக் கீழே வடியும்வரை பொறுத்திருந்து மூடுவது மேல். ஆனால் அதற்குள் மோட்டார்கள் வேகம் இழந்திருக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் திரும்ப வேகம் எடுக்கப் பார்க்கும், வோல்ட்டேஜ் படுத்துவிடும். பழைய டிரம் பாய்லரில் இதற்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு, ஏனென்றால் டிரம்மில் தண்ணீர் இருப்பு இருக்கும். இப்போது கட்டுகிற சூப்பர்கிரிட்டிக்கல் பாய்லரில் டிரம்மே கிடையாது. தண்ணீர் ஒரு முனையில் போய் மறு முனையில் நீராவியாக வருகிறது. ஃபீட் பம்ப் சில நொடி தடுமாறினாலே பாய்லர் டிரிப்தான். வடசென்னையில் 210 மெகாவாட் யூனிட்களும் 800 மெகாவாட் யூனிட்டும் ஒரே வட்டாரத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் இதை ஒரே மாதிரி வரைய முடியாது.

ஜெனரேட்டர் வாயிலேயே ஒரு பிரேக்கர் போட்டுவிட்டால் இந்தத் தாவலைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். யூனிட் டிரிப் ஆனாலும் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக கிரிட் கரண்ட் திரும்பி வந்து யூனிட் போர்டை உயிரோடு வைத்திருக்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். எதிர்க்கட்சி ஆட்களும் முட்டாள்கள் இல்லை. அந்த பிரேக்கர் விலை அதிகம், இருபதாயிரம் ஆம்பியருக்கு மேல் ஓடுகிற வழியில் பழுதாக இன்னொரு பொருளை வைக்கிறோம், மெயின் டிரான்ஸ்ஃபார்மரே போய்விட்டால் இரண்டாம் வாசல் எப்படியும் தேவை என்பார்கள். இதில் எது சரி என்று உறுதியாகத் தீர்ப்பு சொல்பவரைச் சந்தித்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இதுவரை சொன்னது கிரிட் இருக்கும்போது நடப்பது. கிரிடும் போய், யூனிட்டும் விழுந்தால்? நான் குடியிருக்கிற வேளச்சேரி அபார்ட்மென்ட்டை வைத்தே சொல்கிறேன். இபி கரண்ட் போனால் வீட்டில் ஃபேனும் லைட்டும் அசையாமல் ஓடும், ஏனென்றால் இன்வெர்ட்டர். லிஃப்ட் பத்து நொடி நின்று, கீழே ஜெனரேட்டர் உறுமியதும் மறுபடி ஓடும். ஏசியும் வாஷிங் மெஷினும் இபி வரும்வரை காத்திருக்கும். கையில் ஒரு பேட்டரி டார்ச் இருந்தால் இவை எதுவும் இல்லாமல் படியிறங்கலாம். கல்பாக்கம் மாதிரியான கனநீர் ரியாக்டர் நிலையங்களில் கரண்ட்டை நான்கு வகுப்பாகப் பிரித்திருப்பது இதே கணக்கில்தான். நான்காம் வகுப்பு கிரிடோ டர்பைனோ தருவது, நீண்ட நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற சுமைகளுக்கு. மூன்றாம் வகுப்பு டீசல் ஜெனரேட்டர் காப்பாற்றுவது, சிறிது நேரம் விட்டுப் போகலாம். இரண்டாம் வகுப்பு இன்வெர்ட்டர் தரும் அறுபடாத ஏசி. முதல் வகுப்பு பேட்டரியின் டிசி. எந்தச் சுமையை எந்த வகுப்பில் வைப்பது என்பதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. சுமை எவ்வளவு பெரியது என்று பார்த்து அதை முடிவு செய்வதில்லை. எத்தனை நொடி அது இல்லாமல் இருக்கலாம் என்று பார்த்து முடிவு செய்கிறோம்.

அனல் நிலையத்திலும் இதன் சின்ன வடிவம் உண்டு. 3000 சுற்றில் ஓடுகிற டர்பைன், நீராவியை நிறுத்திய பிறகும் ஓய்வதற்கு இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதுவரை பேரிங்குக்கு எண்ணெய் நிற்கக் கூடாது, நின்றால் அதற்குள் பூசியிருக்கும் வெள்ளை உலோகம் உருகிவிடும். ஏசி எண்ணெய் பம்ப் ஓடாதபோது பேட்டரியில் ஓட ஒரு டிசி பம்ப் வைத்திருப்போம். ஜெனரேட்டருக்குள் இருக்கும் ஹைட்ரஜன் கசியாமல் காக்கிற சீல் எண்ணெய்க்கும் அப்படி ஒன்று. டர்பைன் நின்ற பிறகும் சூட்டில் ரோட்டார் தொய்ந்துவிடாமல் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அது டீசல் ஜெனரேட்டரின் பொறுப்பு.

அந்த டிசி பம்ப் விஷயத்தில் நான் பட்ட அவமானம் ஒன்று. எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. பம்ப்பின் ஸ்டார்ட்டர் 220 வோல்ட் டிசியில். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் ஒரு பிரஷர் ஸ்விட்ச் சொல்லும், பம்ப் தானாகக் கிளம்பும். வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். கமிஷனிங்கில் (நிலையத்தை ஓட்டத் தொடங்கும் முன் செய்யும் சோதனையில்) மூன்று முறை பிரஷர் ஸ்விட்ச்சை அழுத்திக் காட்டினோம், மூன்று முறையும் பம்ப் டக்கென்று கிளம்பியது. டெஸ்ட் ஷீட்டை நீட்டினால் டர்பைன் பக்கத்து ஃபோர்மேன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “ஏசி இருக்கும்போது இந்த பம்ப் எதுக்கு சார்? ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஓட்டிக் காட்டுங்க” என்றார். நல்ல வேளையாக டர்பைன் அப்போது சுற்றவில்லை. ஏசி போர்டைத் திறந்தோம். ஏசி பம்ப் ஓய்ந்தது, அழுத்தமானியின் முள் இறங்கிக்கொண்டே வந்தது, டிசி பம்ப்பிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிரஷர் ஸ்விட்ச்சுக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் ஒரு குட்டி ரிலே, சைகை வந்தால் மூடுகிற மின் ஸ்விட்ச், இருந்தது. அது இருந்த பேனலுக்கு 240 வோல்ட் ஏசி. ஏசி போனால் ஓட வேண்டிய பம்ப்பை எழுப்புகிற ஆளே ஏசி போனதும் தூங்கிவிட்டான். ரிலேவை மாற்றி, இரண்டு வயரை டிசிக்கு இழுக்க அரை மணி நேரம் ஆனது. ஃபோர்மேன் அதற்குள் டீ குடிக்கப் போய்விட்டார்.

இது என் ஒருவனுடைய அசட்டுத்தனம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2006 ஜூலை 25 அன்று ஸ்வீடனில் ஃபோர்ஷ்மார்க் அணுமின் நிலையத்தில் வெளியே, கிரிடோடு சேரும் 400 கேவி ஸ்விட்ச்யார்டில் நடந்த ஒரு ஷார்ட் சர்க்யூட் உள்ளே வோல்ட்டேஜை எகிற வைத்தது. நான்கு யூபிஎஸ்களில் இரண்டு படுத்துவிட்டன. நான்கு டீசல் ஜெனரேட்டர்களும் கிளம்பின. ஆனால் இரண்டு போர்டில் சேரவில்லை, ஏனென்றால் ‘டீசல் வேகம் பிடித்துவிட்டது’ என்று சொல்லும் கருவிக்கு அந்த யூபிஎஸ்தான் கரண்ட் தந்துகொண்டிருந்தது. கண்ட்ரோல் ரூம் ஆட்கள் கையால் அவற்றைச் சேர்க்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த ஃபோர்மேன் ஞாபகம்தான் வந்தது.

அனலுக்கும் அணுவுக்கும் எங்கே பாதை பிரிகிறது என்று கேட்டீர்களே, அது இங்கேதான். நிலக்கரி நிலையத்தில் எல்லாக் கரண்ட்டும் போனால் நெருப்பு அணைந்துவிடும். பேரிங்கைக் காப்பாற்றிவிட்டால் மிச்சம் பண நஷ்டம், அவமானம், நீளமான ரிப்போர்ட். ரியாக்டரை நிறுத்தினாலும் சூடு நிற்காது. நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் ஆறு சதவீதம் போல வந்துகொண்டிருக்கும், ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக்கு இறங்கும், ஒரு நாளில் அரை சதவீதம். சதவீதம் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். கூடங்குளத்து யூனிட் ஒன்றின் வெப்பத்திறன் 3000 மெகாவாட். அதில் அரை சதவீதம் என்பது 15 மெகாவாட், மறுநாள் காலையிலும் யாராவது அதை எடுத்துச் சென்று கொட்டியாக வேண்டும். அதனால் அணுமின் நிலையத்தில் டீசல் ஜெனரேட்டர், பேட்டரி, அவற்றின் போர்டு, கேபிள் எல்லாமே இரண்டு மூன்று தனிக் குடும்பங்களாகப் பிரிந்து நிற்கும். நிலநடுக்கத்தைத் தாங்குமா, வயதாகியும் வேலை செய்யுமா என்று ஒவ்வொரு ரிலேவுக்கும் சாட்சி கேட்பார்கள். காகித வேலை அனலைவிடப் பல மடங்கு, அதற்குத் தயாராகப் போங்கள்.

‘தனிக் குடும்பம்’ என்று எழுதுவது சுலபம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் அபார்ட்மென்ட்டில் இபி போனது, ஜெனரேட்டரும் போனது. ஜெனரேட்டர் மேடையில்தான் இருந்தது, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. அதன் கரண்ட்டை மேலே அனுப்புகிற பேனல் ஸ்டில்ட் பார்க்கிங்கில், முழங்கால் உயரத்தில். செக்ரட்டரி டீசல் வாங்க கேனோடு நின்றுகொண்டிருந்தார், டீசல் பிரச்சினையே இல்லை. 2011 மார்ச் 11 ஃபுகுஷிமாவிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. நிலநடுக்கத்தில் வெளி கரண்ட் போனது, டீசல்கள் ஒழுங்காகக் கிளம்பின. ஐம்பது நிமிடம் கழித்து சுனாமி வந்தது. இரண்டாம், நான்காம் யூனிட்களுக்கு தரைத்தளத்தில் வைத்திருந்த காற்றுக் குளிர்ச்சி டீசல்கள் மூழ்கவில்லை. ஆனால் அவை இணைய வேண்டிய ஸ்விட்ச்கியர், அதாவது போர்டு, அடித்தளத்தில் மூழ்கியிருந்தது. ஜெனரேட்டர் லாரிகள் வந்தபோதும் இதே கதைதான், கேபிளைச் செருக உயிருள்ள போர்டு அரிதாகிவிட்டது. ஆறாம் யூனிட்டில் டீசலும் அதன் போர்டும் சேர்ந்தே பிழைத்ததால் ஐந்தும் ஆறும் தப்பின.

2004 டிசம்பர் 26 சுனாமி கல்பாக்கத்தையும் தொட்டது. இரண்டாம் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது, கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் தண்ணீர் புகுந்து கண்டென்சர் பம்ப்கள் நின்றன, ரியாக்டரை நிறுத்தினார்கள். வெளி கரண்ட் இருந்தது, ரியாக்டர் பகுதி உயரத்தில் இருந்தது, ஒரு வாரத்தில் யூனிட் திரும்ப ஓடியது. ஆனாலும் கடற்கரை நிலையத்தில் போர்டு வைக்கும் உயரத்தைப் பற்றி யாராவது அலட்சியமாகப் பேசினால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

இப்போது கேபிள் ஷெட்யூலுக்கு வருகிறேன். உங்கள் சீனியர்கள் மட்டமாகச் சொன்ன அதே வேலை. 1975 மார்ச்சில் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில், கேபிள் சுவரைத் தாண்டும் ஓட்டையில் காற்று கசிகிறதா என்று ஒருவர் மெழுகுவர்த்தியை வைத்துப் பார்த்தார். அடைப்பு நுரை பற்றிக்கொண்டது. ஏழு மணி நேரம் எரிந்த தீயில் 1600க்கும் மேற்பட்ட கேபிள்கள் போயின. ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று வைத்திருந்த கருவிகளின் கேபிள்கள் ஒரே வழியாகப் போயிருந்தன. நம் நாட்டில் 1993 மார்ச் 31 விடியற்காலை உத்தரப் பிரதேசத்து நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைன் பிளேடு உடைந்தது. அதிர்ச்சியில் ஹைட்ரஜனும் எண்ணெயும் பற்றி, தீ கேபிள்களில் ஓடியது. டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தும் அவற்றின் கரண்ட் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பதினேழு மணி நேரம் நிலையம் இருட்டில் கிடந்தது. தீயணைப்புக்கு வைத்திருந்த டீசல் பம்ப்களால் ஸ்டீம் ஜெனரேட்டருக்குத் தண்ணீர் ஏற்றி ரியாக்டரைக் குளிர்வித்தார்கள். கரண்ட்டே வேண்டாத பம்ப் என்பதால் அது உதவியது. கதிர்வீச்சு வெளியே போகவில்லை. மின் அமைப்பை ஒற்றைக் கோடுகளாகக் காட்டும் சிங்கிள் லைன் டயாகிராமில் ஒவ்வொரு சப்ளையும் தனித்தனிக் கோடாக அழகாகத்தான் நிற்கும். அவை தரையில் எந்த டிரேயில் (கேபிள் தாங்கும் தட்டில்), எந்தச் சுவர் ஓட்டை வழியாகப் போகின்றன என்பதை கேபிள் ஷெட்யூல் போடுகிறவர்தான் பார்க்கிறார். அங்கே ஒரு எண் தவறினால் இரண்டு குடும்பமும் ஒரே டிரேயில் படுத்துவிடும்.

பேட்டரி பற்றியும் ஒரு கணக்கு, ஏனென்றால் இது எனக்கு ரொம்பப் பிடித்தது. 220 வோல்ட் டிசி கருவிகள் பத்து சதவீதம் மேலே, பதினைந்து சதவீதம் கீழே தாங்கும், அதாவது 242 முதல் 187 வரை. லெட் ஆசிட் செல் ஒன்றுக்குச் சாதாரணமாக 2.25 வோல்ட் கொடுத்து வைத்திருப்போம். 242ஐ அதனால் வகுத்தால் 107 செல்லுக்கு மேல் போட முடியாது. பேட்டரி தீர்ந்துபோகும் எல்லை செல்லுக்கு 1.75 வோல்ட். 187ஐ அதனால் வகுத்தால் 107க்குக் குறையவும் முடியாது. கேபிளில் விழுகிற வோல்ட்டேஜுக்கு இதில் இடமே இல்லை என்பதை ஒருவர் மெதுவாகத்தான் உணர்வார். அந்த டிசி பம்ப் மோட்டார் பேட்டரி அறையிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருந்தால், கேபிள் கை தடிமனுக்கு வந்துவிடும். அல்லது தீரும் எல்லையை 1.85க்கு உயர்த்தி, பேட்டரியைப் பெரிதாக்குவீர்கள்.

மேலே சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. துறையிலேயே இன்னும் தீராத இடங்களும் உண்டு. 2012 ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் பைரன் அணுமின் நிலையத்தில் ஸ்விட்ச்யார்டில் ஓர் இன்சுலேட்டர் உடைந்து மூன்று ஃபேஸில் ஒன்று அறுந்தது. வோல்ட்டேஜ் குறைந்தால் காட்டிக்கொடுக்க வேண்டிய ரிலேக்கள் ‘சப்ளை இருக்கிறது’ என்றே நினைத்தன, டீசல்கள் கிளம்பவில்லை. ஆட்கள் புரிந்துகொண்டு கையால் பிரேக்கரைத் திறக்க எட்டு நிமிடம் ஆனது. சுமை குறைவாக இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபேஸ் போனதைத் தப்பாமல் கண்டுபிடிப்பது கஷ்டம். சில சுருள் அமைப்புகளில் போன ஃபேஸை டிரான்ஸ்ஃபார்மரே உள்ளே திரும்ப உண்டாக்கிக் காட்டிவிடும். இதற்கு விற்கப்படுகிற கருவிகள் பல இருக்கின்றன. எல்லா நிலையிலும் சரியாகச் சொல்லும், பொய் டிரிப்பும் தராது என்று நான் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்யத் தயாராக இருக்கும் கருவி இன்னும் வரவில்லை. அதேபோல பேட்டரி எத்தனை மணி நேரத்துக்கு வேண்டும் என்பதும். ஃபுகுஷிமாவுக்கு முன்பு சில மணி நேரம் போதும் என்று பேசியவர்கள் இப்போது நாள் கணக்கில் பேசுகிறார்கள்.

புதிய ரியாக்டர்களில் கரண்ட்டே தேவையில்லை, எல்லாம் தானாகக் குளிரும் என்று சிலர் உங்களைக் கலைக்கப் பார்ப்பார்கள். ஓரளவு உண்மைதான். அமெரிக்காவின் ஏபி1000 ரியாக்டர் வடிவமைப்பில் டீசல் ஜெனரேட்டரைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, 72 மணி நேரத்துக்குப் புவியீர்ப்பும் பேட்டரியும் பார்த்துக்கொள்ளும். திரவ சோடியத்தால் குளிர்விக்கப்படும் கல்பாக்கத்து 500 மெகாவாட் வேக ஈனுலையிலும் மிச்ச வெப்பத்தை எடுக்க எட்டு மெகாவாட் வீதம் நான்கு சோடியம் சுற்றுகள், பம்ப் இல்லாமல் இயல்பான சுழற்சியில் ஓடும். ஆனால் சோடியம் 98 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். குழாய், வால்வ், தொட்டி எல்லாவற்றையும் சுற்றி ஹீட்டர் கட்டி, ஒவ்வொன்றுக்கும் கண்ட்ரோல், தெர்மோகப்பிள், கேபிள். பம்ப்பின் ஃபீடர் போய் ஹீட்டர் ஃபீடர் வருகிறது. நம் குழுவுக்கு வேலை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். சேர்ந்ததும் ஏதாவது ஒரு பழைய திட்டத்தின் சிங்கிள் லைன் டயாகிராமை ஏ3 தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பிரேக்கரைத் தேர்ந்தெடுத்து, அதை மூட எங்கிருந்து கரண்ட் வருகிறது, திறக்க எங்கிருந்து வருகிறது, ‘மூடு’ என்று சொல்லும் ரிலேவுக்கு எங்கிருந்து வருகிறது என்று சிவப்புப் பென்சிலால் பின்னாலேயே போங்கள். இரண்டு மூன்று பேனல் தாண்டியதும் வழி தொலையும், சீனியரைக் கேளுங்கள், அவரும் கொஞ்சம் தேடுவார். கோடு பேட்டரியில் போய் முடிந்தால் அடுத்த பிரேக்கருக்குப் போகலாம். சுற்றி வந்து அதே ஏசி போர்டில் போய் நின்றால், அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உங்கள் தலைவரிடம் போங்கள்.